பெண் பார்த்த வீடியோவும் பச்சைக் கோடும்

நீங்கள் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, எந்த சாஃப்ட்வேர் நல்லது, எந்த கேமரா வாங்கலாம் என்று கேட்டுவிடுவீர்களோ என்று பயந்தேன். எனக்குத் தெரிந்த சாஃப்ட்வேர்கள் எல்லாம் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டன. அதனால் அந்தப் பக்கம் போகப் போவதில்லை. நம் வீடியோ எடிட்டிங் தொழிலில் பாதி, படத்தோடு மல்லுக்கட்டுவது. மீதிப் பாதி, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஆட்களோடு மல்லுக்கட்டுவது. இரண்டாவதைப் பற்றி மட்டும் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

இலுப்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு அருகே ஒரு வீடியோ கடையின் மாடியில்தான் என் உத்தியோகம் முழுவதும் கழிந்தது. கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்கள் ஆண்கள். விசேஷ வீடுகளில் அவர்களுக்கு முதல் பந்தி. எனக்கு அவர்கள் எடுத்து வந்த பந்தி. அடுத்தவர்கள் சாப்பிடுவதை என்னளவு பார்த்த பெண்பிள்ளை இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே இருக்க மாட்டாள்.

நான் சொல்லப்போவது, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் தைலத்தோடும் சோப்போடும் ஒரு ஹெச்டி கேமராவையும் வைத்துக்கொண்டு வந்த வருஷங்கள். உள்ளங்கையில் அடங்கிவிடும் கேமரா. எடுத்த படத்தைப் பார்த்தால் மூக்குத்திக் கல்லுக்குள் ஜன்னல் கம்பி தெரியும். ஆனால் அதை வீட்டில் போட்டுப் பார்க்க வழியில்லை. வீட்டில் இருந்தது பழைய டிவியும் டிவிடி ப்ளேயரும்தான். ஆகவே ஆசை ஆசையாக வாங்கிய தெளிவைக் குறைத்துத் தரச் சொல்லி எங்களிடம் கொண்டுவருவார்கள். அதைக் குறைப்பதற்குக் கம்ப்யூட்டருக்கு ஆகும் நேரம், அந்த விசேஷம் நடந்து முடிந்த நேரத்தைவிட அதிகம். காது குத்தின குழந்தை அழுது ஓய்ந்து தூங்கி எழுந்து பள்ளிக்கூடமே போய்விடும். இங்கே கம்ப்யூட்டர் இன்னும் காது குத்திக்கொண்டிருக்கும்.

அதற்குள் கரண்ட் போகும். அந்த வருஷங்களில் கரண்ட் வந்த நேரத்தைச் சொன்னால் போதும், போன நேரத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

கன்வெர்ட், அதாவது இந்தத் தெளிவு குறைக்கும் வேலை, ஓடும்போது திரையில் ஒரு பச்சைக் கோடு நகரும். அதற்கு அடியில் மீதி எவ்வளவு நேரம் என்று எழுதிக் காட்டும். புதிதாக வந்தவர்கள் அதை நம்பி வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவார்கள். கொஞ்சம் கழித்துப் பார்த்தால் மீதி நேரம் முன்பைவிடக் கூடியிருக்கும். ஆட்கள் மாடிப்படியில் நின்று சத்தம் போடுவார்கள். எங்கள் முதலாளி, அவர் பெயர் வேண்டாம், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே என்னிடம் சொன்னார்: “யார் கேட்டாலும் மணிக்கணக்கு சொல்லாதம்மா. பொய்யும் சொல்லாத. இதைச் செஞ்சா இது ஆகும், அதைச் செஞ்சா அது ஆகும்னு மட்டும் சொல்லு. முடிவு அவங்களோடதா இருக்கட்டும்.” கேட்கும்போது அது சோம்பேறித்தனத்துக்கு வழி மாதிரி இருந்தது. எவ்வளவு கஷ்டமான வேலை அது என்று, பன்னீர்செல்வம் குடும்பம் மாடியேறி வந்த அன்றுதான் எனக்குப் புரிந்தது.

பன்னீர்செல்வம் இலுப்பூருக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். அவருடைய மச்சினன் முருகானந்தம் குவைத்தில் இருந்தான். போன லீவில் ஒரு ஹெச்டி கேமராவைக் கொண்டுவந்து அக்கா வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அன்றிலிருந்து பன்னீர்செல்வத்துக்கு வயலில் கால் நிற்கவில்லை. கேமராவின் வாரைக் கையில் மாட்டிக்கொண்டே டீக்கடைக்குப் போவார். முருகானந்தத்துக்குப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். மாப்பிள்ளையால் நேரில் வர முடியாது என்பதால் நடந்ததை எல்லாம் பன்னீர்செல்வமே படம் பிடித்திருந்தார். அதை டிவிடியாகப் போட்டு குவைத்துக்கு அனுப்ப வேண்டும். மாப்பிள்ளை தங்கியிருந்த ரூமில் ஒரு டிவிடி ப்ளேயர் மட்டும் இருந்தது. அவன் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் பூ வைப்பது. அன்னவாசல் ரபீக் பாய், முருகானந்தத்தோடு ஒரே கம்பெனியில் வேலை பார்ப்பவர், லீவு முடிந்து அன்று சாயங்காலம் திருச்சிக்கு பஸ் ஏறுகிறார். அவர் கையில் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு.

காலையில் மூன்று பேர் வந்தார்கள். பன்னீர்செல்வம், அவர் மனைவி சாந்தி, மாப்பிள்ளையின் அம்மா. சாந்திதான் அந்த வீட்டின் வாய். உட்கார்ந்ததும் தம்பி குவைத்தில் சூப்பர்வைசர் என்றாள். நான் கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்தபோது மறுபடியும் சொன்னாள். அம்மா சேலைத் தலைப்பை மடியில் வைத்து மடித்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் பேசவில்லை.

பொதுவாக இந்த மாதிரி வீட்டு வீடியோவில் வேண்டாத துண்டுகளைக் கேட்காமலே வெட்டிவிடுவேன். கேமராவை நிறுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டு அவர்கள் எடுத்த தரை, செருப்பு, மின்விசிறி, சில சமயம் ஆட்டுக்குட்டி. அன்றும் அதைத்தான் செய்யப் போனேன். பன்னீர்செல்வத்துக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் எடுத்ததில் வேண்டாதது என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்டார். “ஒரு செகண்டுகூட விடாம போடுங்க. அவன் அங்க ஒத்தையில கெடக்கான். எல்லாத்தையும் பாக்கட்டும்.”

சரி என்று அப்படியே ஏற்றி ஓடவிட்டேன். பச்சைக் கோடு கிளம்பியது. கன்வெர்ட் ஆகும்போது படம் திரையில் ஒரு சின்ன ஜன்னலில் சத்தமில்லாமல் ஓடும். மூவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள். இது ஒரு பெரிய தொந்தரவு, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக ஓடும் படத்தைப் பார்ப்பவனுக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது. யோசித்தால் யோசனை சொல்லுவான்.

முதலில் சாந்திக்குப் பெண் கொஞ்சம் கறுப்பாகத் தெரிகிறாள் என்று பட்டது. நேரில் இன்னும் நிறமாம். கேமராவின் குற்றமா என்று கணவரைப் பார்த்தாள். கேமராவில் குற்றமில்லை, ஜன்னல் பக்கம் உட்கார வைத்தது யார் என்று அவர் கேட்டார். பிறகு இருவரும் சேர்ந்து குற்றம் கம்ப்யூட்டருடையது என்று முடிவுக்கு வந்தார்கள். படம் தொடங்கும்போது தங்க எழுத்தில் மாப்பிள்ளை பெயரும் கீழே சூப்பர்வைசர் என்றும் வர வேண்டும், பக்கத்தில் ரோஜாப்பூ சுற்ற வேண்டும் என்றும் சொன்னார்கள். முதலாளி சொல்லிக் கொடுத்தபடி சொன்னேன்: இதையெல்லாம் செய்யலாம், செய்தால் ஓடினது அத்தனையும் வீண், முதலிலிருந்து ஓட வேண்டும். சாந்தி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ரோஜாப்பூ சுற்றட்டும் என்றாள்.

நிறுத்தினேன். பெண்ணை வெளுக்க வைத்தேன். பூவைச் சுற்ற வைத்தேன். மறுபடி ஓடவிட்டேன். கோடு பாதியைத் தாண்டியபோது கரண்ட் போயிற்று. கம்ப்யூட்டருக்கு வைத்திருந்த பேட்டரி கொஞ்ச நேரம் கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டு அடங்கியது. இருட்டுத் திரையைப் பார்த்துப் பன்னீர்செல்வம், ஓடின வரைக்குமாவது டிவிடியில் ஏறியிருக்கும் அல்லவா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் என்னை நம்பாமல், கீழே இறங்கிப் போய் முதலாளியிடம் கேட்டுவிட்டு வந்தார்.

கரண்ட் வந்து மூன்றாம் தடவை ஆரம்பித்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். மூவரையும் சாப்பிட்டு வரச் சொல்லி அனுப்பினேன். அறை காலியானதும்தான் முழு வீடியோவையும் வேகமாக ஓட்டிப் பார்க்க நேரம் கிடைத்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

நடுவில் ஒரு இடத்தில் கேமரா எதன் மேலோ உட்கார்ந்திருந்தது. ஃப்ரிட்ஜ் மேலாக இருக்க வேண்டும். பன்னீர்செல்வம் பொத்தானை அமுக்கி நிறுத்திவிட்டதாக நினைத்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். உண்மையில் நிறுத்தியிருந்ததைத்தான் அமுக்கி ஓடவிட்டிருக்கிறார். உங்களுக்கு இது புதிதில்லை. வீட்டு வீடியோவில் நல்ல காட்சிகள் எல்லாம் இப்படி எடுக்கப்பட்டவைதான்.

பெண் வீட்டு உள் அறை. சாந்தியும் அவள் அம்மாவும் மட்டும் உட்கார்ந்திருக்கிறார்கள். சாந்தி குரலைத் தாழ்த்திப் பேசுகிறாள். ஹெச்டி கேமராவுக்குத் தாழ்த்தின குரல், உயர்த்தின குரல் என்ற பேதமெல்லாம் கிடையாது.

“சாரம் கட்டுறான்னு சொன்னா, இங்கிட்டு வெள்ளையடிக்கிறவங்களுக்குச் சவுக்குக் கம்பு கட்டிக் குடுக்கிற ஆளுன்னு நெனச்சுக்குவாங்க. சூப்பர்வைசர்னே இருக்கட்டும். நீ வாயத் தொறக்காத.”

“அவன் அப்படிச் சொல்லச் சொன்னானாடி?” என்று அம்மா கேட்கிறார்.

“அவனுக்கு என்ன தெரியும்.”

பிறகு யாரோ கூப்பிட, இருவரும் எழுந்து போகிறார்கள். அறை காலி. நான் வேகத்தைக் கூட்டப் போன சமயத்தில் அந்தப் பெண் உள்ளே வந்தாள். தேன்மொழி. காபி டம்ளர்களை எடுக்க வந்திருக்கிறாள். அடுத்த அறையில் நின்றபோது பேச்சு காதில் விழுந்திருக்க வேண்டும். டம்ளரைக் குனிந்து எடுத்தவள் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள். சிவப்பு விளக்கைப் பார்த்திருப்பாள். வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு நேராகப் பேசினாள்.

“இது ஓடுதா என்னன்னு தெரியல. ஓடுச்சுன்னா கேளுங்க. எங்கப்பாகிட்ட ஒங்கள சூப்பர்வைசர்னு சொல்லிருக்காங்க. ஒங்கக்கா இப்ப வேற சொல்றாங்க. சாரம் கட்டுறது எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா என்ன வேலை பாக்குறீங்கன்னு நீங்கதான் சொல்லணும். சொல்லாம கட்டிக்கிட்டா எனக்குச் சரிப்படாது.”

டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் ஹெட்போனைக் கழற்றினேன். சின்ன ஜன்னலில் பெண்ணின் அப்பா எல்லோருக்கும் சந்தனம் நீட்டிக்கொண்டிருந்தார். பச்சைக் கோடு அந்த இடத்தை இன்னும் எட்டவில்லை.

இந்த இடத்தில் உங்களில் பலர் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். சத்தமில்லாமல் நிறுத்தி, அந்தத் துண்டை வெட்டிவிட்டு, கரண்ட் போய்விட்டது என்று சொல்லிவிடுவீர்கள். நமக்கெதற்கு வம்பு என்பீர்கள். எனக்கும் முதலில் கை அங்கேதான் போயிற்று. வெட்டினால் வம்பு இல்லைதான். ஆனால் வெட்டுவதும் ஒரு பக்கம் சாய்வதுதான். அந்தப் பெண் ஒருவனிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். அது போய்ச் சேர வேண்டாம் என்று நான் யார் முடிவு செய்ய? சரி, வாயை மூடிக்கொண்டு அப்படியே அனுப்பிவிடலாமா? அதுவும் சாய்வதுதான், மறு பக்கம். கேமரா அவர்களுடையது. வீட்டுப் பேச்சு அவர்களுடையது. தங்களுக்குத் தெரியாமல் தங்கள் குரல் குவைத் வரை போகும் என்றால் அதை அவர்கள் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

ஆகவே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். யாரிடம் சொல்வது என்பது அடுத்த சிக்கல். சாந்தியிடம் மட்டும் ஹெட்போனைக் கொடுத்தால் மற்ற இருவரும் சாந்தி சொன்னதைத்தான் கேட்பார்கள். பன்னீர்செல்வத்திடம் மட்டும் கொடுத்தாலும் அதே கதைதான், அவரும் சாந்தியைக் கேட்டுத்தான் எதையும் சொல்லுவார். மூவரும் ஏப்பம் விட்டுக்கொண்டே படியேறி வந்ததும் கதவைச் சாத்தினேன். ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரில் மூவருக்கும் ஒன்றாகப் போட்டுக் காட்டினேன்.

முடிந்ததும் சொன்னேன்: “இப்பவே நிறுத்தி இதை வெட்டுனா முதல்லருந்து ஓடணும். கரண்ட் போகாம இருந்தா பாய் பஸ் ஏறுறதுக்குள்ள முடியலாம், முடியாமலும் போகலாம். வெட்ட வேண்டாம்னா அது பாட்டுக்கு ஓடும். நீங்க எதைச் சொல்றீங்களோ அதைச் செய்யிறேன்.”

கம்ப்யூட்டரைவிட மெதுவாக ஓடுவது ஒன்று உலகத்தில் உண்டு என்பதை அன்று கற்றுக்கொண்டேன். அது குடும்பத்தின் முடிவு.

முதலில், பொத்தானை யார் அமுக்கியது என்று விசாரணை நடந்தது. பன்னீர்செல்வம் அமுக்கவில்லை என்று சொல்ல முடியாது. அமுக்கியதால்தான் வந்தது என்றும் ஒப்புக்கொள்ள முடியாது. கேமரா ஜப்பான்காரன் செய்தது, அதில் ஏதோ கோளாறு என்றார். அடுத்து, பெண்ணுக்கு இந்த வயதிலேயே இவ்வளவு நீளமான வாய் ஆகுமா என்பதைப் பற்றி சாந்தி பேசினாள். சாந்தியின் வாயைப் பற்றி அறையில் யாரும் பேசவில்லை. பேசிக்கொண்டிருந்தபோதே கோடு நகர்ந்து, அந்த உள் அறைக் காட்சிக்கு வந்தது. ஜன்னலில் சாந்தி சத்தமில்லாமல் பேசினாள். நாற்காலியில் சத்தத்தோடு பேசினாள்.

கடைசியில், பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று முடிவு செய்து, விராலிமலையில் இருந்த தாய்மாமனுக்கு போன் போட்டார்கள். பன்னீர்செல்வம் ஆரம்பித்தார்: மாமா, ஒரு சின்னப் பிரச்சினை, வீடியோவில் ஒரு இடம் வருகிறது, அதை வெட்டலாமா வேண்டாமா. மாமா, என்ன இடம் என்று கேட்டார். மாமாவிடமும் சூப்பர்வைசர் என்றுதான் சொல்லி வைத்திருந்தார்கள். வெட்ட வேண்டியது என்ன என்று சொல்லாமல் வெட்டலாமா என்று எப்படிக் கேட்பது? சிக்னல் சரியில்லை என்று பன்னீர்செல்வம் போனை வைத்துவிட்டார். அடுத்து சித்தப்பாவை நினைத்தார்கள். அவரிடம் சீனியர் சூப்பர்வைசர் என்று சொல்லியிருந்தார்களாம். சொந்தத்தில் யோசனை கேட்கத் தகுந்த ஆட்கள் யாரையுமே அவர்கள் மிச்சம் வைத்திருக்கவில்லை.

இதற்கிடையில் ரபீக் பாய் பெட்டியோடு வந்து சேர்ந்தார். சாந்தி பழக்கதோஷத்தில் அவரிடமே திரும்பினாள். தம்பி அங்கே சூப்பர்வைசர்தானே என்று கேட்டாள். பாய் நல்ல மனிதர். பெட்டியின் ஜிப்பை ஒருமுறை இழுத்துத் திறந்து, மறுபடி மூடினார். பஸ் நேரத்துக்கு வந்துவிடும் என்று மட்டும் சொன்னார்.

வெட்டுவதா இல்லையா என்று அவர்கள் முடிவுக்கு வரும் முன் கம்ப்யூட்டர் முடிவுக்கு வந்துவிட்டது. டிங் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை நான் அவ்வளவு மரியாதையோடு கேட்டது அன்றுதான். மூவரும் திரையைப் பார்த்தார்கள்.

சாந்தி என்னிடம், அப்படியானால் இப்போது என்ன செய்வது என்றாள். இதைக் கொடுக்கலாம், அல்லது பாயை வெறுங்கையோடு அனுப்பிவிட்டு இன்னொரு ஆள் போகும்போது வெட்டினதைக் கொடுக்கலாம் என்றேன். மாப்பிள்ளை பார்த்துச் சொல்லாமல் பூ வைக்க முடியாது. பெண் வீட்டில் எத்தனை நாள் பொறுப்பார்கள் என்பதும் தெரியாது.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா பேசினார். அந்த நாள் முழுவதும் அவர் பேசியது அந்த ஒரு தடவைதான்.

“அவன் பாக்குற வேலை அவனுக்குத் தெரியாதா. நாம என்ன பேசுனோம்னு அவனும் தெரிஞ்சுக்கட்டும். பாய் கையில குடுங்கம்மா.”

சாந்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். நான் டிவிடியை எழுதி, மேலே கடைச் சீட்டை ஒட்டி, பாய் கையில் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்துக்கொண்டு படியிறங்கினார். மூவரும் தனித்தனியாக இறங்கிப் போனார்கள்.

சில நாட்கள் ஒன்றும் தெரியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை கடைக்கு போன் வந்தது. பேசியது முருகானந்தம். சீட்டில் கடை நம்பர் இருந்தது. குரலில் தயக்கம். ரூமில் இருந்த எல்லோரும் சேர்ந்துதான் டிவிடியைப் பார்த்தார்களாம். முதலில் ரோஜாப்பூவுக்குச் சிரித்தார்களாம். சூப்பர்வைசர் என்று தங்க எழுத்தில் வந்ததும் ஒருத்தன் எழுந்து நின்று அவனுக்கு சல்யூட் வைத்தானாம். அந்தப் பெண் பேசியபோது மட்டும் யாரும் சத்தம் போடவில்லையாம்.

“அக்கா, அது நீங்க சேத்தது இல்லையே? நெசமாவே அந்தப் புள்ள பேசுனதுதானே?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். பிறகு சொன்னான்: “நான் வருசக்கணக்கா சாரம் கட்டுறேன். வீட்ல அதுக்கு வெக்கப்படுறாங்கன்னு எனக்கு இப்பத்தான் தெரியும்.”

ஊர் திரும்பும் ஒருவரிடம் ஒரு மெமரி கார்டு கொடுத்துவிடுவதாகவும், அதை டிவிடியாகப் போட்டுப் பெண் வீட்டில் சேர்க்க முடியுமா என்றும் கேட்டான். பெண் கையில் தனியாகக் கொடுக்க மாட்டேன், அப்பா கையில்தான் கொடுப்பேன் என்றேன். அதுதான் முறை என்று அவனும் சொன்னான்.

கார்டு வந்தது. போனில் எடுத்த படம். நம் ஹெச்டி கௌரவம் எதுவும் அதற்கு இல்லை. போட்ட கையோடு டிவிடியாகிவிட்டது. தேன்மொழியின் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் மகளையும் கூட்டிக்கொண்டே வந்தார். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாம் என்றேன். வேண்டாம், வீட்டில் போட்டால் தெருவே வந்துவிடும், இங்கேயே பார்த்துக்கொள்கிறோம் என்றார்.

படத்தில் காற்றுச் சத்தம்தான் அதிகம். கட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய கட்டடம். வெளிப்பக்கமாக இரும்புக் குழாய்களை அடுக்கடுக்காகக் கோத்து நிறுத்திய சாரம். அதன் உச்சிக்குப் பக்கத்தில் முருகானந்தம் நின்றான். ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு, தன் பெயரைச் சொன்னான், ஊரைச் சொன்னான், இதுதான் தன் வேலை என்றான். காலையில் தான் கட்டிய அடுக்குகளைக் கைநீட்டிக் காட்டினான். கொத்தனாரும் பெயிண்டரும் இதன் மேல் நின்றுதான் வேலை பார்ப்பார்கள், கட்டினது அசையாது என்ற நம்பிக்கையில்தான் ஏறுவார்கள் என்றான். பிறகு, “சூப்பர்வைசர் கீழ நிக்கிறாரு” என்று கையைக் காட்டினான். படம் பிடித்தவன் போனைக் கீழே திருப்பினான். நிழலில் ஒரு தொப்பிக்காரர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் முருகானந்தம் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டான். படம் முடிந்தது.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சூப்பர்வைசர் என்று நம்பித் தலையாட்டிய மனிதர் அவர். கோபமா, வருத்தமா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசி இடத்தை இன்னொரு தடவை போடச் சொல்லி தேன்மொழி என்னிடம் கேட்டாள். போட்டேன். கும்பிடும் இடம் வந்ததும் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

“அவங்களுக்கு என்னத்தா பதில் சொல்றது?” என்று அப்பா கேட்டார்.

“அவ்வளவு ஒசரத்துல ரெண்டு கையையும் விட்டுட்டு நிக்கிறாரு. இடுப்புல பெல்ட் போட்டிருக்காரு, அதை எதுலயும் மாட்டல. முதல்ல அதை மாட்டச் சொல்லுங்கப்பா. மத்தத அப்பறம் பேசிக்கலாம்.”

எனக்கு அதுவரை கண்ணில் படவில்லை. எத்தனையோ கல்யாணங்களை வெட்டி ஒட்டியவள் நான். பெண் சம்மதம் சொல்வதை இத்தனை தெளிவாக எந்த கேமராவிலும் கேட்டதில்லை.

கல்யாணம் இலுப்பூரிலேயே ஒரு மண்டபத்தில் நடந்தது. படம் பிடிக்க எங்கள் கடைக்காரர்கள்தான் போனார்கள். நானும் சாப்பிடப் போனேன், எனக்கும் ஒரு முதல் பந்தி வேண்டாமா. மண்டப வாசலில் பன்னீர்செல்வம் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார். மாப்பிள்ளை படம் நடுவில். அதற்குச் சமமான அளவில் கேமராவோடு பன்னீர்செல்வம் படம். மாப்பிள்ளையின் பெயருக்குக் கீழே பெரிய எழுத்தில் சூப்பர்வைசர். அச்சுக்குக் கொடுத்தது சாந்தி என்று சொன்னார்கள். உண்மை தெரிந்துவிட்டதென்றால் ஃப்ளெக்ஸை மாற்றிவிடுவார்கள் என்று நினைப்பவர்கள் நம் மாவட்டத்துக்குப் புதியவர்கள்.

மாப்பிள்ளை அழைப்பு முடிந்து முருகானந்தம் மாலையும் கழுத்துமாக வாசலுக்கு வந்தான். ஃப்ளெக்ஸை அண்ணாந்து பார்த்தான். எழுத்தைப் பார்த்துக் கோபப்படப் போகிறான் என்று கேமராக்காரர்கள் தயாரானார்கள். அவன் எழுத்தைப் பார்க்கவே இல்லை. அதைத் தாங்கி நின்ற சவுக்குக் கம்புகளைப் பார்த்தான். கட்டியவன் அவசரத்தில் ஒரு பக்கத்து முடிச்சுகளைத் தளர விட்டிருந்தான். காற்று அடிக்கும்போதெல்லாம் அந்தப் பக்கமே லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது. அடியில் குழந்தைகள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

குழந்தைகளை அங்கிட்டுப் போகச் சொல்லிவிட்டு, மாலையைக் கழற்றிப் பக்கத்தில் நின்ற பன்னீர்செல்வத்தின் கழுத்திலேயே போட்டான். ஓர் ஏணியும் கயிறும் கொண்டுவரச் சொன்னான். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே ஏறினான். சாந்தி ஓடிவந்து, சொந்தக்காரர்கள் எல்லாம் பார்க்கிறார்கள், இறங்குடா என்று கெஞ்சினாள். எங்கள் கேமராக்காரரிடம் திரும்பி, இதை எடுக்காதீர்கள், எடுத்தாலும் வெட்டிவிடுங்கள் என்றாள். அவன் தளர்ந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, இழுத்து, இறுக்கி, சூப்பர்வைசர் என்ற எழுத்துக்கு நேர் பின்னால் நின்று கடைசி முடிச்சைப் போட்டான். விராலிமலை மாமாவும் சித்தப்பாவும் கீழே வாய் திறந்தபடி நின்றார்கள்.

ஏணியை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர் பெண்ணின் அப்பா.